விளையாட்டை வினாவாக்கிய வித்தகர்: ஆலன் டூரிங்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்)

விளையாட்டுப் பிள்ளை என்பது நம் வீடுகளில் பாராட்டுச் சொல் அன்று. படிக்க வேண்டிய நேரத்தில் பொழுதை வீணாக்குகிறவனைத்தான் அப்படி அழைக்கிறோம். கல்லூரியில் கணிப்பொறி அறிவியல் படித்து, அதிலும் விளையாட்டுகளுக்குப் புரோகிராம் எழுதக் கற்கப் போகிறேன் என்று ஒரு மாணவன் வீட்டில் சொன்னால், பெற்றோர் முகத்தில் கவலை படர்வது இயல்பே. நகையை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க அனுப்பும் குடும்பங்களில் அந்தக் கவலைக்கு நியாயமும் உண்டு. பட்டப்படிப்பு என்னும் வாசற்படியை முதன்முதலாக மிதித்த என் போன்ற மாணவர்கள் அதனை நன்கு அறிவோம்.

ஆயினும், கணிப்பொறி என்னும் எந்திரம் உலகில் பிறந்து கண் விழித்த நாள்களிலேயே, அதன் தந்தையருள் ஒருவராகப் போற்றப்படும் பேரறிஞர் அதற்குச் சதுரங்கம் ஆடக் கற்பிக்க முயன்றார் என்பது வரலாறு. விளையாட்டு அவருக்குப் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை. மனித அறிவு எவ்வாறு இயங்குகிறது என்று அறிவதற்கான ஆராய்ச்சிக் களமாகவும் இருந்தது. 41 ஆண்டுகளே வாழ்ந்து மறைந்த அவர்தாம் ஆலன் மாதிசன் டூரிங். அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகக் காண்போம்.

போத்தனூர்த் தொடர்பு

கோவைக்கு அருகிலுள்ள போத்தனூர் இரயில் சந்திப்பை நம்மில் பலர் கடந்து சென்றிருப்போம். டூரிங்கின் தாயார் ஈத்தல் சாரா ஸ்டோனி 1881ஆம் ஆண்டு அந்தப் போத்தனூரில்தான் பிறந்தார். அவருடைய தந்தை எட்வர்டு வாலர் ஸ்டோனி சென்னை இரயில்வேயின் தலைமைப் பொறியாளராக விளங்கியவர். டூரிங்கின் தந்தை ஜூலியஸ் டூரிங், இந்திய சிவில் சர்வீஸ் அதிகாரியாகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றினார். மூத்த மகன் ஜான் 1908இல் குன்னூரில் பிறந்தான். இளையவரான ஆலன், பெற்றோர் விடுமுறையில் தாயகம் சென்றிருந்தபோது, 1912 ஜூன் 23 அன்று இலண்டனில் பிறந்தார்.

விடுமுறை முடிந்ததும் தந்தை கப்பலேறிச் சென்னை மாகாணத்திற்குத் திரும்பினார். குழந்தைக்கு ஒன்றரை வயது நிறையுமுன் தாயும் புறப்பட்டார். ஆலனும் அண்ணனும் இங்கிலாந்தின் கடற்கரை ஊரொன்றில், ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவரின் குடும்பத்தில் வளர்ந்தனர். பெற்றோரை விடுமுறைகளில் மட்டுமே காண முடிந்தது. வசதிக்குக் குறைவில்லை, ஆனால் தாய்மடியின் அருமை அடிக்கடி கிடைக்காத இளமை அது.

பள்ளியும் நட்பும்

1926இல் ஷெர்போர்ன் பள்ளியில் சேர 13 வயது ஆலன் புறப்பட்டபோது, இங்கிலாந்தில் பொது வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. இரயில்கள் ஓடவில்லை. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 60 மைல் தூரத்தை இரண்டு நாள்களில் கடந்து பள்ளியை அடைந்தார். எடுத்ததை முடிக்கும் அந்தப் பிடிவாதம் கடைசிவரை அவரை விட்டு அகலவில்லை.

பள்ளியில் அவர் நல்ல பெயர் எடுத்தவர் அல்லர். கையெழுத்து மோசம், மை சிந்திய தாள்கள், இலத்தீன், ஆங்கிலப் பாடங்களில் பின்தங்கல். பழைய இலக்கியக் கல்வியையே பெரிதாக மதித்த அந்தப் பள்ளி, அறிவியலில் மட்டும் மூழ்கிக் கிடந்த மாணவனை எப்படி எடைபோடுவது என்று தெரியாமல் விழித்தது.

அவருக்குத் துணையாக வாய்த்தவர் கிறிஸ்டபர் மார்க்கம் என்னும் மாணவர். கணக்கும் வானியலும் வேதியியலும் இருவரையும் இணைத்தன. கேம்பிரிட்ஜ் உதவித்தொகைத் தேர்வை இருவரும் எழுதினர். மார்க்கம் வென்றார், டூரிங் வெல்லவில்லை. ஆனால் 1930 பிப்ரவரியில் மார்க்கம் காசநோயால் திடீரென இறந்து போனார். அந்த இழப்பு டூரிங்கை உலுக்கியது. உடல் அழிந்தபின் மனம் என்னாகிறது, மனம் என்பதுதான் என்ன என்னும் வினா அவர் நெஞ்சில் பதிந்தது. மறுமுறை தேர்வெழுதி, கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் உதவித்தொகையைப் பெற்றார்.

கேம்பிரிட்ஜும் கற்பனை எந்திரமும்

1931இல் கிங்ஸ் கல்லூரியில் கணிதம் படிக்கச் சேர்ந்த டூரிங், 1934இல் முதல் வகுப்பில் தேறினார். அடுத்த ஆண்டே, 22 வயதில், அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது மேக்ஸ் நியூமன் என்னும் பேராசிரியரின் வகுப்பில் ஒரு புதிர் அவரைப் பற்றிக்கொண்டது. ஜெர்மானியக் கணித மேதை ஹில்பர்ட் எழுப்பிய புதிர் அது. ஒரு கணிதக் கூற்று நிரூபிக்கத் தக்கதா அல்லவா என்று, எந்தக் கூற்றைக் கொடுத்தாலும் தீர்மானித்துச் சொல்லும் பொதுவான வழிமுறை உண்டா என்பதே வினா.

இதற்கு விடை காண, வழிமுறை என்றால் என்ன என்பதை முதலில் வரையறுக்க வேண்டும். டூரிங் ஓர் எந்திரத்தைக் கற்பனை செய்தார். நீண்ட நாடா ஒன்று. அது கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எந்திரம் ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தை மட்டும் பார்க்கும். அதிலுள்ள குறியைப் படிக்கும், அழிக்கும், வேறு குறி எழுதும். பிறகு இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒரு கட்டம் நகரும். எப்போது எதைச் செய்வது என்பதை ஓர் அட்டவணை சொல்லும். இவ்வளவே. தாளும் பென்சிலும் கொண்டு மனிதன் விதிப்படி செய்யும் கணக்கு எதுவானாலும் இந்த எளிய எந்திரம் செய்யும் என்று அவர் காட்டினார். அதனோடு, வேறெந்த எந்திரத்தின் அட்டவணையையும் நாடாவிலேயே எழுதிக் கொடுத்தால், அதைப் படித்து அந்த எந்திரத்தைப் போலவே இயங்கும் பொது எந்திரம் ஒன்று உண்டு என்றும் நிறுவினார்.

1936இல் அவர் எழுதிய இந்தக் கட்டுரை ஹில்பர்ட்டின் வினாவுக்கு இல்லை என்று விடையளித்தது. அதைவிடப் பெரிய பயன் ஒன்றும் விளைந்தது. ஒரே எந்திரம், ஆணைத்தொடரை மாற்றினால் போதும், எந்த வேலையும் செய்யும் என்னும் கருத்து அதில் பிறந்தது. இன்று நம் கைப்பேசி காலையில் கணக்குப் போட்டு, மாலையில் பாட்டுப் பாடி, இரவில் விளையாட்டுக் களமாவதும் இக்கருத்தினால்தான். பின்னர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அலான்சோ சர்ச் என்னும் அறிஞரின் கீழ் ஆய்வு செய்து, 1938இல் டாக்டர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார்.

போர்க்காலப் பணி

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. மறுநாளே டூரிங், பிளெட்ச்லி பார்க் என்னுமிடத்தில் இயங்கிய இரகசிய நிலையத்தில் பணியில் சேர்ந்தார். ஜெர்மானியப் படைகள் எனிக்மா என்னும் எந்திரத்தால் செய்திகளை மறைத்து அனுப்பின. போலந்து நாட்டுக் கணித வல்லுநர்கள் போருக்கு முன்பே அதன் அமைப்பைக் கண்டறிந்து, தங்கள் அறிவைப் பிரிட்டனுக்கு வழங்கியிருந்தனர். அந்த அடித்தளத்தின்மேல் டூரிங், பாம்ப் என்று அழைக்கப்பட்ட புதிய எந்திரத்தை வடிவமைத்தார். கார்டன் வெல்ச்மன் அதனை மேலும் சிறப்பாக்கினார். முதல் எந்திரம் 1940இல் இயங்கத் தொடங்கியது. அட்லாண்டிக் கடலில் உணவுக் கப்பல்களை வேட்டையாடிய நீர்மூழ்கிகளின் செய்திகளைப் படிக்கும் பிரிவுக்கு டூரிங் தலைமை ஏற்றார். கடலில் போன எத்தனையோ உயிர்களை அந்த அறையின் பென்சில்கள் காத்தன.

அந்நிலையத்தில் சதுரங்க வீரர்கள் பலர் இருந்தனர். பிரிட்டிஷ் சாம்பியனாக விளங்கிய ஹியூ அலெக்சாண்டர் அவர்களுள் ஒருவர். ஓய்வு நேரங்களில் ஐ. ஜே. குட், டொனால்டு மிக்கி முதலிய இளைஞர்களுடன் டூரிங் சதுரங்கம் பற்றிப் பேசினார். வேடிக்கை என்னவென்றால், டூரிங் சதுரங்கத்தில் வல்லவர் அல்லர்; சாதாரண ஆட்டக்காரரே. நன்றாக ஆடுவது எப்படி என்பதைவிட, ஆடும்போது மூளை என்ன செய்கிறது, அதையே எந்திரத்திற்கு விதிகளாகச் சொல்ல முடியுமா என்பதே அவரை ஈர்த்தது.

காகிதத்தில் ஓடிய கணிப்பொறி

போர் முடிந்ததும் 1945இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்து, ஏஸ் என்னும் கணிப்பொறிக்கு விரிவான திட்டம் தீட்டினார். அந்த எந்திரம் செய்யக்கூடிய வேலைகளுள் ஒன்றாகச் சதுரங்கத்தையும் அத்திட்டத்தில் குறித்தார். வேலை மெத்தனமாக நடந்ததால் மனம் சலித்து வெளியேறினார். இதற்கிடையில் ஓட்டப் பயிற்சியில் இறங்கி, 1947இல் மாரத்தான் பந்தயத்தை 2 மணி 46 நிமிடத்தில் ஓடி முடித்தார் என்பது நம் விளையாட்டு வீரர்களுக்கு மகிழ்ச்சியூட்டும் செய்தி.

1948இல் நண்பர் டேவிட் சாம்பர்னோனுடன் சேர்ந்து சதுரங்கம் ஆடும் விதிமுறைகளை வகுத்தார். இருவர் பெயரையும் இணைத்து அதற்கு டூரோசாம்ப் என்று பெயர் வந்தது. அந்தப் புரோகிராமை ஓட்டக்கூடிய கணிப்பொறி அவர்களிடம் இல்லை. ஆகவே டூரிங் தாமே எந்திரமானார். தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, தம் சொந்த அறிவைச் சிறிதும் கலக்காமல், எழுதி வைத்த விதி என்ன சொல்கிறதோ அதன்படியே காயை நகர்த்தினார்.

அதன் உள்ளமைப்பைக் கணிப்பொறி மாணவர்கள் அறிவது நலம். ஒவ்வொரு காய்க்கும் ஒரு மதிப்பு உண்டு: சிப்பாய்க்கு 1, குதிரைக்கு 3, பிஷப்புக்கு 3½, யானைக்கு 5, ராணிக்கு 10. எந்திரம் தன்னுடைய நகர்த்தல் ஒவ்வொன்றையும், அதற்கு எதிரி ஆடக்கூடிய பதில் ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். வெட்டுக் குத்து நடக்கும் இடமாயின், அது ஓய்ந்து அமைதி வரும் வரை மேலும் தொடர்ந்து பார்க்க வேண்டும். முடிவில் இரு பக்கக் காய்களின் மதிப்பையும் ஒப்பிட்டு, தனக்கு மிகுந்த நன்மை தரும் நகர்த்தலைத் தேர வேண்டும். மதிப்பு சமமாக வந்தால், காய்கள் எவ்வளவு தாராளமாக நடமாட முடிகிறது, ராஜா எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறார் என்பவற்றுக்குத் தனி மதிப்பெண். ஓரிடத்தில் ஏறத்தாழ 30 நகர்த்தல்கள் இருக்குமானால், பதிலையும் சேர்த்தால் 900 நிலைகள் வந்துவிடும். கையால் செய்தபோது ஒரு நகர்த்தலுக்கு அரை மணி நேரம் ஆயிற்று என்றால் வியப்பில்லை.

1952இல் அலிக் கிளென்னி என்னும் இளைஞர் இந்தக் காகிதக் கணிப்பொறியை எதிர்த்து ஆடினார். 29ஆம் நகர்த்தலில் காகிதக் கணிப்பொறி தோற்றது. டூரிங் அதனை மறைக்கவில்லை. ஆட்டத்தின் நகர்த்தல்களை, விதி எங்கே சறுக்கியது என்னும் குறிப்புகளோடு, 1953இல் வெளிவந்த ஒரு நூலில் அச்சிட்டுக் கொடுத்தார். தோல்வியையும் ஆய்வுப் பொருளாக்குவதுதான் அறிவியலார் பண்பு அன்றோ!

மான்செஸ்டர் நாள்கள்

1948இல் டூரிங் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறி ஆய்வகத்தில் பணி ஏற்றார். வில்லியம்ஸ், கில்பர்ன் ஆகிய பொறியாளர்கள் அதே ஆண்டு ஜூன் 21 அன்று, புரோகிராமைத் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு இயங்கும் எந்திரத்தை அங்கே முதன்முதலாக ஓட்டிக் காட்டியிருந்தனர். 1951இல் ஃபெரான்டி நிறுவனம் கட்டிய பெரிய கணிப்பொறி அங்கு வந்து சேர்ந்தது. அதற்கான கையேட்டை டூரிங் எழுதினார். எண்களை 32இன் அடிமானத்தில், தந்தி எழுத்துகளைக் கொண்டு, சிறிய இடமதிப்பு முதலில் வரும்படி தலைகீழாக எழுத வேண்டும். பைத்தானில் ஒரு வரியில் எழுதிவிடும் நாம் அந்தக் காலத்து உழைப்பை எண்ணிப் பார்க்க வேண்டும். டூரோசாம்பை அந்த எந்திரத்தில் ஏற்ற டூரிங் முயன்றார், முடிக்கவில்லை. ஆயினும் டீட்ரிக் பிரின்ஸ் என்பவர், இரண்டு நகர்த்தலில் ராஜாவை முடக்கும் புதிர்களை விடுவிக்கும் புரோகிராமை 1951இல் அதில் ஓட்டினார்.

இங்கே இன்னொருவரைக் குறிப்பிட வேண்டும். கிறிஸ்டபர் ஸ்ட்ரேச்சி என்பவர் ஒரு பள்ளி ஆசிரியர். சதுரங்கப் பலகையிலேயே வட்டக் காய்களைக் கொண்டு தாண்டித் தாண்டி ஆடும் டிராஃப்ட்ஸ் என்னும் ஆட்டத்திற்குப் புரோகிராம் எழுத அவருக்கு ஆசை. டூரிங்கிடம் கையேட்டைப் பெற்று, மான்செஸ்டர் எந்திரத்திற்கு எழுதினார். 1952இல் அது ஓர் ஆட்டத்தை முழுமையாக ஆடியது. அந்த ஆசிரியரே பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் புரோகிராமிங் ஆய்வுக் குழுவைத் தலைமை தாங்கி நடத்தினார். அதே 1952இல் கேம்பிரிட்ஜில் ஏ. எஸ். டக்ளஸ் என்னும் மாணவர், மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டு வட்டமும் பெருக்கல் குறியும் இடும் ஆட்டத்தைக் கணிப்பொறித் திரையில் ஆடவைத்து, அதைத் தம் டாக்டர் பட்ட ஆய்வின் பகுதியாக்கினார். நாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆடிக் கண்டிக்கப்படும் ஆட்டம், ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாயிற்று!

1950இல் டூரிங் எழுதிய கட்டுரை இன்னும் புகழ் பெற்றது. எந்திரம் சிந்திக்குமா என்னும் குழப்பமான வினாவை அவர் ஓர் ஆட்டமாகவே மாற்றினார். நடுவர் ஒருவர், மறைவிலிருக்கும் மனிதரிடமும் எந்திரத்திடமும் எழுத்து மூலம் கேள்வி கேட்கிறார். எது எந்திரம் என்று அவரால் பிரித்தறிய முடியாவிட்டால், அது சிந்திக்கிறது என்று ஏன் ஏற்கக்கூடாது? இதுவே டூரிங் சோதனை. முதிர்ந்த மனத்தை எந்திரத்தில் நேராகப் படைப்பதைவிட, குழந்தை மனம் போன்ற ஒன்றைச் செய்து, அதற்குப் பள்ளிப் பிள்ளைக்குப் போலப் பாடம் கற்பிக்கலாம் என்றும் அதில் எழுதினார். இன்று தரவுகளைக் கொண்டு எந்திரத்தைப் பயிற்றும் செயற்கை நுண்ணறிவு அந்த எண்ணத்தின் வழியில் நடக்கிறது.

நாடு செய்த அநீதி

இத்தகைய மனிதருக்கு அவர் நாடு செய்தது என்ன? 1952 தொடக்கத்தில் அவர் வீட்டில் திருட்டு நடந்தது. அவரே காவல்துறையிடம் சென்றார். விசாரணையில், அவர் ஓர் ஆணுடன் உறவு கொண்டிருந்தது தெரியவந்தது. அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி அது குற்றம். திருட்டு கொடுத்தவரே குற்றவாளிக் கூண்டில் நின்றார். சிறைக்குப் பதிலாக ஹார்மோன் மருந்தை உடலில் ஏற்றிக்கொள்ளும் தண்டனையை ஏற்க வேண்டியதாயிற்று. இரகசியப் பணிகளில் பங்கேற்கும் தகுதி பறிக்கப்பட்டது. போரில் அவர் செய்த சேவையை வெளியில் சொல்லித் தற்காத்துக்கொள்ளவும் வழியில்லை. அது அரசாங்க இரகசியம்.

1954 ஜூன் 7 அன்று வில்ம்ஸ்லோவிலிருந்த தம் வீட்டில் சயனைடு நஞ்சினால் டூரிங் உயிர் நீத்தார். தற்கொலை என்று விசாரணையில் முடிவாயிற்று. வீட்டில் செய்துவந்த வேதியியல் சோதனையில் நேர்ந்த விபத்தே என்று தாயார் இறுதிவரை நம்பினார். போத்தனூரில் பிறந்த அந்தத் தாய்தான் 1959இல் மகனின் வாழ்க்கை வரலாற்றை முதலில் நூலாக எழுதினார். பிளெட்ச்லியில் மகன் செய்த பணியின் முழு விவரம் அப்போது அவருக்கே தெரியாது. 1970களில்தான் அந்த இரகசியம் உலகுக்கு வெளிப்பட்டது.

2009இல் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2013இல் அரசியார் மன்னிப்பு வழங்கினார். 2021இல் 50 பவுண்டு பணத்தாளில் டூரிங்கின் முகம் இடம்பெற்றது. அதே ஆங்கிலேயர் வகுத்த இத்தகைய சட்டப்பிரிவு நம் நாட்டிலும் நீண்டகாலம் நீடித்து, 2018 செப்டம்பர் 6 அன்றுதான் வயது வந்தோரின் விருப்ப உறவு குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காலம் கடந்த நீதி இறந்தவரை மீட்பதில்லை. இருப்பவரையேனும் அது காக்க வேண்டும்.

விதை மரமான கதை

டூரிங் தாளில் ஊன்றிய விதை வளர்ந்தது. 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாணவர்களும் இளைஞர்களும் சேர்ந்து ஸ்பேஸ்வார் என்னும் விண்வெளிப் போர் விளையாட்டை எழுதினர். 1997 மே மாதம் டீப் புளூ என்னும் கணிப்பொறி உலக சாம்பியன் காஸ்பரோவை வென்றது. அதே ஆண்டில் ஸ்காட்லாந்தின் அபர்ட்டே பல்கலைக்கழகம் கணிப்பொறி விளையாட்டுகளுக்கென்றே பட்டப்படிப்பைத் தொடங்கியது. 2012இல், டூரிங் நூற்றாண்டு விழாவில், கணிப்பொறியில் மீட்டெடுக்கப்பட்ட டூரோசாம்புடன் காஸ்பரோவ் மான்செஸ்டரில் ஆடினார். 16 நகர்த்தல்களில் வென்றார். வென்றவரே அந்தப் பழைய புரோகிராமுக்கு மரியாதை செய்யத்தான் வந்திருந்தார்.

கணிப்பொறித் துறையின் மிக உயர்ந்த விருது 1966 முதல் டூரிங் பெயரால் வழங்கப்படுகிறது. ஆந்திர கிராமம் ஒன்றில் பிறந்து, சென்னைக் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்த ராஜ் ரெட்டி 1994இல் அதனைப் பெற்றார் என்பது நமக்கு ஊக்கம் தரும் செய்தி.

நாம் பெறும் பாடம்

டூரிங் ஏழை வீட்டுப் பிள்ளை அல்லர். படித்த பெற்றோரும் கேம்பிரிட்ஜும் அவருக்கு வாய்த்தன, நமக்கு வாய்க்கவில்லை. அதை மறைத்து, நாமும் அவரும் ஒன்று என்று பேசுவது பொய்யாகிவிடும். ஆனால் ஒரு நிலையில் அவரும் நம்மைப் போன்றே இருந்தார். எழுதிய புரோகிராமை ஓட்ட அவரிடம் எந்திரம் இல்லை. வீட்டில் கணிப்பொறி இல்லாமல், ஆய்வக நேரத்தில் ஓர் எந்திரத்தை மூவராகப் பங்கிட்டுக்கொள்ளும் மாணவர்கள் இதை உணர்வர். அவர் எந்திரம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. விதியைச் சரியாக எழுதினால் தாளும் ஓடும் என்று நமக்குக் காட்டிவிட்டுச் சென்றார்.

விளையாட்டுப் புரோகிராம் எழுதுவதில் விளையாட்டுத்தனம் மிகக் குறைவு. எல்லா நிலைகளையும் எண்ணிப் பார்க்கவும், ஒவ்வொன்றுக்கும் மதிப்புத் தரவும், எதிரியின் இடத்தில் நின்று சிந்திக்கவும் அது கற்றுத் தருகிறது. கற்றவன் அதே அறிவைப் பேருந்து நேர அட்டவணைக்கும் மருத்துவமனைக் கணக்குக்கும் பயன்படுத்தலாம். கவலைப்படும் பெற்றோருக்கு நாம் சொல்லக்கூடிய நேர்மையான பதிலும் இதுவே.

தோழர்களே, இன்றே ஒரு தாளை எடுங்கள். வட்டமும் பெருக்கல் குறியும் இடும் ஆட்டத்தில் தோற்காமல் இருக்க என்னென்ன விதிகள் வேண்டும் என்று வரிசையாக எழுதுங்கள். ஆட்டமே தெரியாத ஒருவரிடம், உங்கள் தங்கையிடமோ தாயாரிடமோ, அதைக் கொடுத்து, எழுதியபடி மட்டும் ஆடச் சொல்லி எதிரே அமருங்கள். அவர் தோற்றால் உங்கள் விதியில் எங்கோ பிழை; திருத்துங்கள். தோற்காவிட்டால், மான்செஸ்டரில் அன்று டூரிங் அமர்ந்த நாற்காலிக்கு அருகில் உங்களுக்கும் ஒரு நாற்காலி கிடைத்துவிட்டது என்று கொள்ளுங்கள்.